பழைய கன்சோலா, கேம் டாப்-அப்பா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேமுக்குள் பொருள் வாங்கப் பணம் கட்டுவதை (டாப்-அப்) விட, அந்தப் பணத்தில் பழைய கேம் கருவி (கன்சோல்) வாங்குவதே மேல் என்பது என் கட்சி.

கே: வீட்டில் பழைய ஃபேமிகாம் கிடைத்தது. அடாப்டர் இல்லை. கையில் இருப்பதைச் சொருகிப் பார்க்கலாமா?

சொருகவே சொருகாதீர்கள். 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ கன்சோலான ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, பிளக்கின் நடுப்பகுதி மைனஸ். அதன் வெளிநாட்டு வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. பிளக் என்னவோ கச்சிதமாகப் பொருந்திவிடும், கன்சோல் போய்விடும். அடாப்டரின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

கே: கென்ஷின் இம்பாக்ட் கேமில் ஒரு கேரக்டருக்காக டாப்-அப் செய்யலாமா?

முதலில் கணக்கைப் போடுங்கள். கேரக்டர்கள் குலுக்கலில்தான் கிடைக்கும். ஒரு இழுப்பில் (ஒருமுறை குலுக்கினால்) ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். 90 இழுப்புக்குள் ஒன்று நிச்சயம் வரும், ஆனால் அது நீங்கள் கேட்டவராக இல்லாமல் போகலாம். அப்படி ஆனால் அடுத்த 90-க்குள் அவர் கட்டாயம் வருவார். ஆக, மோசமான நிலையில் 180 இழுப்பு. இழுப்புக்கு 160 வீதம் 28,800 பிரைமோஜெம் (கேமுக்குள் செல்லும் நாணயம்). அத்தனைக்கும் பணம் கட்டத் தயார் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

கே: என் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை.

கே: நீங்கள் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறீர்கள். நான் கேமில் வாங்கிய ஸ்கின்னை (கேரக்டரின் உடை, தோற்றம்) தினமும் நண்பர்கள் பார்க்கிறார்கள். உங்கள் கன்சோல் அலமாரியில் தூசிதானே பிடிக்கிறது?

நண்பர்களோடு விளையாடும் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் ஒரு மொபைல் கேமில் மூன்று வருடம் பணம் போட்டவன்தான். சர்வரை மூடிய மறுநாள் திறந்து பார்த்தேன். லோகோ வந்தது, வட்டம் சுற்றியது, அவ்வளவுதான். வாங்கியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டிஜிட்டல் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். நின்டெண்டோ 2023 மார்ச் 27-ல் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஆன்லைன் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. ஆனாலும் அதற்கு முன் வாங்கிய கேமைத் திரும்ப டவுன்லோடு செய்ய வழி விட்டிருந்தது. ஸ்கின்னுக்கு அந்த வழியும் கிடையாது.

கே: (அவரே) பழைய கன்சோலும் சாகத்தானே செய்கிறது?

ஆமாம், உண்மை. முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கான கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரிக்கும். போகிமான் கோல்டு கேட்ரிட்ஜில் (கன்சோலில் சொருகும் கேம் பெட்டி) பேட்டரி தீர்ந்தால் சேவ், அதாவது விளையாடிச் சேமித்தது, போய்விடும். ஆனால் கெப்பாசிட்டரைக் கழற்றி எறியலாம், பேட்டரியை மாற்றிச் சால்டர் வைக்கலாம். மூடிய சர்வரை நீங்களோ நானோ என்ன செய்ய முடியும்? என் வாதமே இதுதான். ஆனால் கன்சோலை முதலீடு என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

கே: கேம் பாய் அட்வான்ஸ் (நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல்) கேட்ரிட்ஜ் ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது?

லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரிஜினலில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும். அப்புறம் கீழே பின்களுக்கு மேலே எட்டிப் பாருங்கள், போர்டில் நின்டெண்டோ பெயர் தெரியும். இரண்டும் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: கேட்ரிட்ஜில் ஊதலாமா?

வேண்டாம், ஈரம் பின்களை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சால் துடையுங்கள்.

கே: சூப்பர் ஃபேமிகாமுக்கு என்இஎஸ் அடாப்டர் போடலாமா?

கூடாது. காரணம் அதேதான், முதல் பதிலைப் படியுங்கள்.

கே: என் பையன் என்னைக் கேட்காமலேயே மொபைல் கேமில் டைமண்ட் (கேமுக்குள் செல்லும் நாணயம்) வாங்கிவிட்டான்.

இது என் துறை இல்லை. ஆப் ஸ்டோரில் ரீஃபண்ட் கேளுங்கள், ஸ்டோரில் வாங்குவதற்கு இன்றே பாஸ்வேர்டு போடுங்கள்.

கே: (ஸ்கின் நண்பரே) சரி, ஒன்று வாங்கிப் பார்க்கிறேன். எதில் தொடங்க?

1989-ன் முதல் கேம் பாய். நான்கு ஏஏ பேட்டரி போதும், அடாப்டர் தேவையில்லை. வாங்கும் முன் பேட்டரி மூடியைத் திறந்து, கம்பிச் சுருளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் செங்குத்துக் கோடுகள் விடுபட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரையை இணைக்கும் ரிப்பன் கேபிளின் ஓரத்தைச் சூடாக்கினால் சரியாகும். அதை எப்படிச் செய்வது என்று நானே சொல்லித் தருகிறேன்.