மைனி பார்த்துக்கொள்கிறார்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 33. தனியார் பள்ளி ஒன்றில் கிளார்க். போன வருஷம் மார்த்தாண்டம் பக்கம் நடந்த நற்செய்தி கன்வென்ஷனில், என்னை முன்பின் தெரியாத சுவிசேஷ ஊழியர் ஒருவர் தலையில் கைவைத்து, ‘உன்னை ஜாதிகளுக்குத் தீர்க்கதரிசியாகக் கட்டளையிட்டேன்’ (ஜாதிகள் என்றால் தேசத்து மக்கள்) என்று கர்த்தர் சொல்வதாகச் சொன்னார். அதற்கு முன்பே இரண்டு தரிசனம் கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம். சனிக்கிழமை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் போய் எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன், சுகமானவர்கள் உண்டு. வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர நினைத்தால், எங்கள் போதகர் ‘கொஞ்சம் பொறு’ என்கிறார். அபிஷேகம் பெற்றவனைத் தடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா? என் அழைப்பை எப்படி நிரூபிப்பது? அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில், மைனி (அண்ணன் மனைவி) பார்த்துக்கொள்கிறார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் குடும்பப் பாரம் எதுவும் இல்லை.
– வாசகர், கருங்கல்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். தரிசனங்களுக்கே ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. அப்பாவுக்குக் கிடைத்தது அரை வரி, மீதி அரை வரி மைனிக்கு. அதற்கு அடுத்த வரியிலேயே குடும்பப் பாரம் இல்லை என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது.

பாரம் இல்லாமல் இல்லை. அதை இன்னொருத்தர் சுமக்கிறார். பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் முதுகும் இடுப்பும் புண்ணாகும். கஞ்சி கொடுக்கும்போது தலையை உயர்த்திப் பிடித்து, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். துணி மாற்றுவது, மலம் துடைப்பது எல்லாம் தனி. வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உங்கள் அப்பாவைப் புரட்டுவது யார்? அவர் பெற்ற மகன் அல்லேலூயா சொல்லிக்கொண்டிருக்கும்போது, மருமகளாக வந்தவர் எழுந்திருக்கிறார். ஆசாரிபள்ளத்தில் ஊரார் நெற்றியில் எண்ணெய் பூசுகிற கை, வீட்டில் அப்பா முதுகைத் துடைத்ததுண்டா? கடிதத்தில் எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த மாதிரிக் கடிதம் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எனக்கு நிறைய வருகிறது. சபையோ சிலுவை நட்ட குருசடியோ கன்வென்ஷன் பந்தலோ இல்லாத முக்கு இங்கே ஏது? அன்று அதே மேடையில் இன்னும் எத்தனை பேருக்கு ஜாதிகள் கிடைத்தன என்று கவனித்தீர்களா? சுகமானவர்கள் உண்டு என்கிறீர்கள். வார்டு டாக்டரும் அதையேதான் சொல்வார். கர்த்தருடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம் என்று கணக்கோடு வந்து நிற்கிறவர்களுக்கு மத்தேயு 7-ல் என்ன பதில் கிடைக்கிறது என்று பாருங்கள்: ‘நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை.’

போதகருக்கு அதிகாரம் உண்டா என்றால், உண்டு. பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடுங்கள் என்று ஆவியானவர் சொன்னது அந்தியோகியா சபைக்கு. சபைதான் உபவாசித்து ஜெபித்துக் கைவைத்து அனுப்பியது. ‘அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதீர்கள்’ என்கிற சங்கீதம் 105, சொந்த நிலமில்லாமல் அலைந்த ஆபிரகாமையும் பிள்ளைகளையும் ராஜாக்கள் கையிலிருந்து காத்ததைப் பற்றியது. போதகர் கேள்வி கேட்டால் எடுத்து நீட்டுகிற சீட்டு அல்ல. மயிலாடிக்கு 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, 1816-ல் புறப்படும்போது சபைகளை மயிலாடிக்காரரான வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். பத்து வருஷம் கூட இருந்து பார்த்த ஆளிடம் ஒப்படைத்தார். உங்கள் போதகரும் பொறு என்றுதானே சொல்கிறார், போகாதே என்று சொல்லவில்லையே.

நெய்யூர் உங்களுக்குத் தூரமில்லை. டாக்டர் சோமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர். திரும்பிப் போகும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். காத்துக் கிடந்த நோயாளிகளுக்கு, படித்த சர்ஜன் ஒரே ஒருவர். லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். கண்ணெதிரே கிடந்த ஆளைப் பார்த்ததுதான் அவருக்கு அழைப்பு. உங்கள் கண்ணெதிரே கட்டிலில் ஒருவர் இரண்டு வருஷமாகக் கிடக்கிறார்.

அப்பாவை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் இயேசு சொன்ன ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ வசனத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது ஊழியத்தில் இருக்கிறவரிடம்தான். பெற்றவரைப் பார்க்காத பிள்ளையிடம் ஊர்க்காரர் உபதேசம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. இதில் எனக்கு இரண்டு மனசு கிடையாது.

ராஜினாமா எழுதாதீர்கள். அப்பாவின் மருந்துக்கு அந்தச் சம்பளம் வேண்டும், அதில் எவ்வளவு இதுவரை கொடுத்தீர்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. மைனி கடைசியாகத் தன் அம்மா வீட்டுக்கு எப்போது போனார் என்று அண்ணனிடம் கேளுங்கள். லீவு போட்டு, இரண்டு வாரமாவது அவரை அனுப்பி வையுங்கள். போவதற்கு முன்னால், அப்பாவை எப்படிப் புரட்டுவது, எந்த மாத்திரை எப்போது என்று அவரிடம் கேட்டுப் படியுங்கள். அவர் திரும்பி வந்த பிறகும் ராத்திரி முறை உங்களுடையது. வெள்ளிக்கிழமை ஜெபத்தை அந்தக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆசாரிபள்ளம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு வருஷம் இப்படி ஓடட்டும். அப்புறம் போதகரைப் பார்க்கப் போங்கள், மைனியையும் கூட்டிக்கொண்டு. உங்களுக்கு அழைப்பு உண்டா என்று அவர் மைனியிடம் கேட்கட்டும்.