காத்திருந்த நேரம் யார் கணக்கில்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்னையில் 3 ஆண்டுகளாக உணவு டெலிவரி செய்கிறேன். உணவகத்தில் 25 நிமிடம் நிற்கவைத்தாலும் தாமதம் என் பெயரில்தான் ஏறுகிறது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த 2 நாள் லாகின் செய்யாததால் ரேட்டிங் இறங்கி, இரவு ஸ்லாட்டும் போய்விட்டது. கேட்டால், ‘சிஸ்டம் முடிவு’ என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் இரண்டாவது குறையிலிருந்து தொடங்குகிறேன், ஏறக்குறைய அதே குறை இத்தாலியில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அங்கே டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் ஊழியர்கள் வாரந்தோறும் திங்கட்கிழமை ஷிஃப்டுகளை முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. மதிப்பெண் உயர்ந்தவர்களுக்குக் காலை 11 மணிக்கும், அடுத்தவர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்கும், மற்றவர்களுக்கு மாலை 5 மணிக்கும் பதிவு திறக்கும். 5 மணிக்காரருக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். ஒப்புக்கொண்ட ஷிஃப்டுக்கு வராதவரின் மதிப்பெண் இறங்கும்; அவர் காய்ச்சலில் கிடந்தாரா, வேலைநிறுத்தத்தில் நின்றாரா, வெறுமனே தூங்கிவிட்டாரா என்று அந்த முறை கேட்கவே இல்லை. சி.ஜி.ஐ.எல். என்ற இத்தாலியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கங்கள் தொடுத்த வழக்கில், பொலோனா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று அம்முறை பாரபட்சமானது என்று தீர்ப்பளித்து, 50,000 யூரோ இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், தாயை மருத்துவமனையில் சேர்த்த நாளை அலட்சியம் என்று கணக்கிடுவது அநியாயம் என்ற உங்கள் வாதத்துக்கு அது பெரும் வலுச் சேர்க்கிறது.

முதல் குறையில் சிக்கல் வேறு. ஒரு டெலிவரியின் நேரத்தில் உணவகத்தின் சமையலறை இருக்கிறது, சாலை இருக்கிறது, அடுக்குமாடியின் வாயிலில் செக்யூரிட்டியின் பதிவேட்டில் பெயரும் வண்டி எண்ணும் எழுதிவிட்டு, எட்டாவது மாடியில் நிற்கும் சர்வீஸ் லிஃப்ட் இறங்கி வரும்வரை கையில் பையோடு நிற்கும் நேரமும் இருக்கிறது. இவற்றில் சாலை மட்டுமே, அதுவும் ஓரளவுக்கே, உங்கள் கையில் உள்ளது. அனைத்தையும் ஒரே எண்ணாக்கி உங்கள் தலையில் ஏற்றினால், சமையலறையில் போன 10 நிமிடத்தைச் சிக்னலைத் தாண்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். உயிரோடு விளையாடும் இந்தக் கணக்கை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

ஆகவே, உணவகத்தை அடைந்த நேரமும் பொட்டலம் கைக்கு வந்த நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொலைபேசியில் முறையிடாமல், எழுத்து வடிவில் பதில் வரும் வழியில் கேளுங்கள். அதே உணவகத்தில் காத்துக் கிடக்கும் நான்கைந்து பேரின் பதிவுகளையும் சேர்த்துக் காட்டினால், அது உங்கள் ஒருவருடைய சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. உங்களைப் போல் செயலி வழியே வேலை பெறும் ‘கிக்’ தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பும் கொடுத்தே ஒருவரை நீக்க வேண்டும் என்கிறது. அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது; இங்கே 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். ஆனால், நலத்திட்டங்கள் வேறு, ரேட்டிங் கணக்கிடப்படும் முறையை அறியும் உரிமை வேறு. பின்னதைச் சங்கமாகச் சேர்ந்துதான் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

கேள்வி: உழைப்பை எண்களால் அளக்கவே கூடாது என்றால், ஒழுங்காக உழைப்பவரையும் ஏமாற்றுபவரையும் நிறுவனம் எப்படிப் பிரித்தறியும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அம்மா. அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தின் பழுப்பு நிற வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவியும் உணரிகளும் உண்டு. ஓட்டுநர் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் பதிவாகிறது. ஆனால் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்துடன் அந்நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, நேர்மைக்கேடு இருந்தாலன்றி, ஜி.பி.எஸ். தகவலை மட்டும் வைத்து ஒருவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. அங்கே ஏமாற்றுபவருக்கு அடைக்கலம் இல்லை. மற்றவரை வேறு சான்று இல்லாமல் நிறுவனம் நீக்கவும் வழியில்லை.