‘பெண் பார்க்க’, ‘பெண்ணைப் பார்க்க’: ‘ஐ’ உருபு செய்யும் வேலை

‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ இரண்டும் ஒரே பொருள்தானே, பிறகு ‘ஐ’ எதற்கு, வேறு மொழிகளிலும் இப்படி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்றால் ஜாதகம், பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் நினைவுக்கு வரும். ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்றால் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்த்துவரப் போயிருக்கலாம். முன்னதில் ‘பெண்’ வினையோடு ஒட்டி ஒரு சடங்கின் பெயராகிவிடுகிறது. பின்னதில் இன்ன பெண் என்று சுட்டப்படுகிறாள். பள்ளியில் முன்னதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்றும், அங்கே உருபு மறைந்திருக்கிறது என்றும் சொல்லித்தந்தார்கள். வெறுமனே மறைந்திருப்பது உண்மையானால், அதை வெளிக்கொணர்ந்த பின்னும் பொருள் மாறக்கூடாது, இங்கே மாறுகிறது. நன்னூல் ‘ஐ’ உருபுக்கு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை முதலிய பொருள்களைச் சொல்கிறது. உருபை எப்போது விடலாம் என்பதை அந்தச் சூத்திரம் பேசுவதில்லை.

தமிழோடு உறவில்லாத துருக்கி மொழியில் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருக்கிறது. ‘கிதாப் ஒகுதும்’ என்றால் புத்தகம் படித்தேன்; ‘கிதாபு ஒகுதும்’ என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். கடைசியில் ஒலிக்கும் அந்த உகரம்தான் உருபு. நம் குற்றியலுகரத்தைப் போலவே அது ஒலிக்கும் என்பதால், தமிழர் காதுக்கு உருபு வந்ததே தெரியாது. அங்கும் பெண் கேட்கப் போகும் சடங்கின் பெயரில் ‘பெண்’ என்ற சொல் உருபில்லாமல்தான் நிற்கிறது.

பின்னிஷ் மொழி வேறு வழியில் போகிறது. ‘லுயின் கிர்யன்’ என்றால் புத்தகத்தைப் படித்து முடித்தேன், ‘லுயின் கிர்யா’ என்றால் படித்துக்கொண்டிருந்தேன். நாம் துணைவினையால் சொல்வதை அவர்கள் பெயரின் விகுதியை மாற்றியே சொல்லிவிடுகிறார்கள். இந்தியின் ‘கோ’ நம்முடைய ‘ஐ’, ‘கு’ இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

மிக நெருங்கிய மலையாளம்தான் எனக்கு வியப்பளித்தது. அங்கே பெரும்பாலும் உயிருள்ளவற்றுக்குத்தான் ‘எ’ உருபு வரும்: ‘குட்டியெ விளிச்சு’ என்பார்கள், ஆனால் ‘ஆ வாதில் அடச்சு’ என்று கதவை உருபில்லாமல் விட்டுவிடுவார்கள். என்னோடு பணியாற்றிய மலையாளி நண்பர் ஒருவர் தமிழ் பேசத் தொடங்கிய நாள்களில் “அந்தக் கதவு மூடுங்க” என்றே சொல்வார். தமிழில் ‘அந்த’ என்று சுட்டிய பிறகு ‘ஐ’ இல்லாமல் முடியாது என்று விளக்கினேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் “வாங்க, காபியைக் குடிக்கலாம்” என்று அழைத்தார். எந்தக் காபியை என்று நான் மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.