லாகோஸ் துறைமுகமும் லெப்டினன்ட் கர்னல் யாராதுவாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைஜீரியாவின் ஷேஹு மூசா யாராதுவா 1975இல் போக்குவரத்து அமைச்சரானதும், ராணுவக் கண்டிப்பைக் காட்டியே லாகோஸில் தேங்கிக் கிடந்த சிமென்ட் கப்பல்களைக் கலைத்தார் என்று படித்தேன். கண்டிப்பு மட்டும் போதுமானதாக இருந்ததா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கண்டிப்பு பாதிக் கதைதான். அந்த நெரிசலை உண்டாக்கியவர்களும் ராணுவ ஆட்சியாளர்களே. உள்நாட்டுப் போர் முடிந்து எண்ணெய்ப் பணம் கொட்டிய நேரத்தில், ராணுவத் தலைவர் கோவோனின் அரசு 68 நிறுவனங்களோடு 109 ஒப்பந்தங்கள் போட்டு 1 கோடியே 60 லட்சம் டன்னுக்கு மேல் சிமென்ட் கேட்டது. 50 கிலோ மூட்டைக் கணக்கில் 32 கோடி மூட்டை! லாகோஸின் அபாபா துறைமுகம் ஓராண்டில் இறக்கக்கூடியது அதில் சிறு பங்குதான். 10,000 டன் கப்பல் ஒன்றிலேயே 2 லட்சம் மூட்டை இருக்கும். அதை இறக்கக் கப்பலுக்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், மழைபடாத கிடங்கும் லாரியும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பின்னால் நிற்கும் கப்பல்கள் அத்தனையும் காத்திருக்க வேண்டியதுதான். கடல் ஈரம் ஏறிய மூட்டை கட்டிதட்டிப் போகும்.

இதைவிட மோசமானது பணம் தரும் முறை. காத்திருக்கும் நாளுக்கெல்லாம் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆகவே வரிசையில் நிற்பதும் வருமானம். 1975 நடுப்பகுதியில் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் நின்றன.

ஜூலை 29இல் கோவோன் கவிழ்ந்தார். அடுத்து வந்த ராணுவத் தலைவர் முர்தலா முகம்மதுவின் அரசில், 32 வயது யாராதுவா போக்குவரத்துக்கான ஃபெடரல் கமிஷனரானார். அமைச்சருக்கு அன்று அதுதான் பெயர். ஆட்களை விரட்டி வேகமாக இறக்கியிருந்தாலும் பயனிருந்திருக்காது, வரத்து நிற்கவில்லையே. ஆகஸ்ட்டிலேயே அரசு வாயிலை அடைத்தது: இரண்டு மாத முன்னறிவிப்பு இல்லாத கப்பல் உள்ளே வரக்கூடாது. நைஜீரிய மத்திய வங்கி எல்.சி. பணத்தையும், அதாவது விற்பவருக்கு வங்கி உறுதியளித்த பணத்தையும், நிறுத்திவைத்தது. டிசம்பரில், அனுமதியின்றி நுழைவது குற்றம் என்று ஆணை வந்தது. லாகோஸிலேயே டின் கேன் தீவுத் துறைமுகம் 1977இல் புதிதாகத் திறந்தது. அவர் பொறுப்பில் இந்த முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பெருமையை அவருக்குத் தரத்தான் வேண்டும்.

ஆனால் ரத்து செய்ய முடியாத எல்.சி.யைச் சட்டப்படி ஓர் உத்தரவால் நிறுத்த முடியாது. 2,40,000 டன்னுக்கு எல்.சி. பெற்றிருந்த டிரென்ட்டெக்ஸ் நிறுவனம் லண்டனில் வழக்குப் போட்டது. வெளிநாட்டு வழக்கிலிருந்து அரசுக்குரிய விலக்கு மத்திய வங்கிக்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1977இல் தீர்த்தது. 1981இல் நியூயார்க் நீதிமன்றமும் சிமென்ட் வியாபாரிகள் பக்கமே நின்றது. அப்போது யாராதுவா அரசிலிருந்து விலகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.