பழைய பங்களாவின் கணப்பும் மர ஜன்னல்களும்: எதில் தொடங்குவது?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய பங்களாவில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறது. மேலே வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தீ மூட்டினால் புகை அறைக்குள் திரும்புகிறது. ஜன்னல்கள் பெயின்ட் ஒட்டித் திறக்க வரவில்லை, சிலவற்றின் அடிச்சட்டம் இற்றுவிட்டது. தச்சர் எல்லாவற்றையும் பெயர்த்து யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் போடச் சொல்கிறார். காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அலங்கார வேலையை ஒத்திவையுங்கள். முதலில் கூரைமேல் ஏறி, புகைபோக்கியின் தலைப்பகுதியையும் அது கூரையோடு சேரும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அங்கே இறங்கிக்கொண்டிருந்தால் கீழே செய்யும் பூச்செல்லாம் உதிரும்.

புகை திரும்ப முதல் சந்தேகம் அடைப்பு: பறவைக் கூடு, கரிப்படிவம், பாதி திறந்த டாம்பர் (புகைக்குழாயைத் திறந்து மூடும் தகடு). சுத்தம் செய்யும்போதே உள்ளே கேமரா விட்டு விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கும்வரை தீ மூட்டாதீர்கள். அடைப்பு இல்லையென்றால், அருகிலுள்ள ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து மூட்டிப் பாருங்கள். புகை நின்றால் அறைக்குக் காற்று போதவில்லை. சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியும் அறைக் காற்றை இழுத்து இப்படிச் செய்யும். அப்போதும் நிற்காவிட்டால், கணப்பு வாயின் மேல்விளிம்பிலிருந்து ஒரு தகரத்தைச் சிறிது சிறிதாகக் கீழிறக்குங்கள். ஓரிடத்தில் புகை நின்றால் வாய் பெரிது, புகைக்குழாய் சிறிது என்று பொருள். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். புகைபோக்கி கூரைக்கு மேல் 90 செ.மீ. உயர்ந்திருப்பதும், 3 மீட்டருக்குள் உள்ள எதையும்விட 60 செ.மீ. உயரமாக இருப்பதும் பொதுவான அளவு.

தீ எரியும் பகுதிக்கு நெருப்புச் செங்கலும் வெப்பம் தாங்கும் கலவையும்தான். வெளிமுகத்தில் பழைய செங்கல் மென்மையானது. அங்கே இடுக்குகளில் சிமென்ட் பூசினால் ஈரம் கலவை வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே வந்து அதன் முகத்தை உதிர்த்துவிடும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் போதும். பெயின்டை எடுக்க மணல் வீச்சு (மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டுவது) வேண்டவே வேண்டாம். செங்கலின் சுட்ட மேற்தோலே போய்விடும். பசை வகை ரிமூவரை ஒரு மூலையில் முதலில் சோதியுங்கள்.

ஜன்னல்களில் தச்சர் அவசரப்படுகிறார். பழைய மரம் பெரும்பாலும் அடர்த்தியானது. கெடுவது அடிச்சட்டத்தின் மூட்டும் கீழ்ப்படியும்தான், ஏனென்றால் மரத்தின் குறுக்குவெட்டு முனைதான் தண்ணீரை உறிஞ்சும். திருப்புளி முனையால் குத்துங்கள், சுலபமாக இறங்கும் இடம் இற்றது. திடமான மரம் வரும்வரை வெட்டி, அதே சாதி மரத்தை அதே ரேகை ஓட்டத்தில் சாய்வெட்டாக எபாக்ஸி பசை கொண்டு ஒட்டினால் போதும். இற்றதன்மேல் புட்டி அடைப்பது ஏமாற்று வேலை. உள்ளே அழுகல் தொடரும்.

ஒட்டிய ஜன்னலைத் திறக்க, இடுக்கில் ஒட்டிய பெயின்டைக் கத்தியால் உள்ளும் வெளியும் அறுத்து, ரப்பர் சுத்தியால் சட்டத்தைச் சுற்றித் தட்டுங்கள். அடியில் நெம்பினால் மூட்டு விட்டுப்போகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் உரசக்கூடாது. ஈயம் இருந்தால் உலர்ந்த உரசல் கிடையாது: நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சூடான காற்றால் பெயின்டை இளக்கும் ஹீட் கன் ஈயத்தை ஆவியாக்கிவிடக்கூடும், கண்ணாடியும் வெடிக்கும்.

கண்ணாடி பதிக்கும் பள்ளத்தில் முதலில் பிரைமர் அடியுங்கள். வெறும் மரம் புட்டியின் எண்ணெயைக் குடித்துவிடுவதால்தான் அது சீக்கிரம் வெடிக்கிறது. ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி தோல் பிடிக்க ஓரிரு வாரம் ஆகும்; பிறகு பெயின்டை 2 மி.மீ. கண்ணாடிமேல் ஏற்றி அடித்தால்தான் இடுக்கில் நீர் புகாது. கீழ்ப்படியின் அடியில் ஒரு சிறு பள்ளக்கோடு இருந்தால், அதில் அடைந்த பெயின்டையும் தோண்டி எடுங்கள். சுவருக்கு ஓடாமல் நீரைச் சொட்டவைப்பது அதுதான்.

கலவை காய்ந்தபின் முதல் சில தீ சிறிதாகவே இருக்கட்டும். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவிட்டு மூட்டுங்கள்.