சட்டம் கேளுங்கள்: நான் வேண்டாம் என்றேன், மினிட்ஸில் 'ஒருமனதாக' என்று இருக்கிறது!

கேள்வி: எங்கள் குடும்ப பனியன் கம்பெனி ஒரு பிரைவேட் லிமிடெட். சித்தப்பா சேர்மன், அண்ணன், சித்தப்பா மகன், நான் என்று மொத்தம் நாலு டைரக்டர்கள். நிர்வாகம் அவர்கள் கையில், நான் போர்டு மீட்டிங்குக்கு மட்டும் போவேன். அண்ணன் பார்ட்னராக இருக்கும் வேறொரு நிறுவனத்தின் குடோனை ஊரில் இல்லாத வாடகைக்கு எடுக்கப் போன கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். இப்போது வந்த மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) டிராஃப்டில் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று போட்டிருக்கிறது. கேட்டால், "மெஜாரிட்டிதான் இருக்கே, உன் பேரை வேற எழுதி ஊருக்குச் சொல்லணுமா" என்கிறார் சித்தப்பா. விட்டுவிடலாமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்: விட்டுவிடாதீர்கள். தீர்மானம் செல்லுமா என்பதற்கு மெஜாரிட்டி போதும்தான், ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்லவே. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 118(4) பிரிவு, ஒவ்வொரு தீர்மானத்திலும் எதிர்த்த அல்லது உடன்படாத டைரக்டரின் பெயர் மினிட்ஸில் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. ஆதரித்தவர்களின் பெயரைக்கூட அது கேட்கவில்லை, எதிர்த்தவர் பெயரைத்தான் கேட்கிறது.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னால், அதை ஏற்பதும் மறுப்பதும் சேர்மன் இஷ்டம், கம்பெனி செக்ரட்டரிகளின் அமைப்பான ஐ.சி.எஸ்.ஐ. போர்டு கூட்டங்களுக்கு வகுத்த எஸ்.எஸ்-1 தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீங்கள் எதிர்த்தீர்கள் என்பதும் உங்கள் பெயரும் அந்த இஷ்டத்துக்குள் வராது. ஆகவே வாடகைக் கணக்கையெல்லாம் எழுதச் சொல்லி மல்லுக்கு நிற்காமல், 'இத்தீர்மானத்தை இன்னார் எதிர்த்தார். பெரும்பான்மையால் நிறைவேறியது' என்ற ஒரு வரியைக் கேளுங்கள், போதும். வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தாலும் அதையும் பெயரோடு எழுதவேண்டும், அது வேறு வரி.

பேருக்கு ஒரு வரிதானே என்று நினைக்கவேண்டாம். நாளைக்கு இந்தக் குடோன் விவகாரத்தில் சட்டமீறல் ஏதும் கிளம்பினால், தவறிழைத்த அதிகாரி யார் என்று பிரிவு 2(60) பார்க்கிறது. கூட்டத்தில் கலந்துகொண்டு ஆட்சேபிக்காமல் இருந்த டைரக்டரும் அதில் அடக்கம், போர்டு நடவடிக்கைக் குறிப்பு கைக்கு வந்து விஷயம் தெரிந்தவரும் அடக்கம். உங்களுக்கோ டிராஃப்டே வந்தாயிற்று. முறைப்படி வைக்கப்பட்ட மினிட்ஸ் நடந்ததற்குச் சாட்சியமாகவும் நிற்கும் என்பதால், அதில் 'ஒருமனதாக' என்று இருந்தால், இல்லை நான் எதிர்த்தேன் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, செய்யவேண்டியது என்ன? கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் டிராஃப்ட் வரவேண்டும், அதன் மேல் கருத்துச் சொல்ல உங்களுக்கு 7 நாள். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்ஆப் குடும்பக் குரூப்பில் நிச்சயம் வேண்டாம். எல்லா டைரக்டர்களுக்கும் ஒரு ஈமெயில், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு. 30 நாளுக்குள் மினிட் புக்கில் ஏற்றிவிடுவார்கள், அதற்கப்புறம் போர்டு அடுத்த கூட்டத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான் திருத்தமுடியும். அப்படி ஏற்கெனவே ஏறியிருந்தால், அடுத்த அஜெண்டாவில் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லிப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்புங்கள். அவர்கள் மறுத்தாலும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

பெரும்பாலும் இதில் சதி எதுவும் இருக்காது. போன மீட்டிங் ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, 'ஒருமனதாக' என்பதை அப்படியே விட்டுவைப்பார்கள். ஆனால் சொல்லியும் மாற்ற மறுத்தால் கதை வேறு: 118-ஐ மீறினால் கம்பெனிக்கு 25,000 ரூபாய், பொறுப்பானவர்களுக்குத் தலா 5,000 அபராதம். மினிட்ஸைத் திரித்தது நிரூபணமானால் 2 ஆண்டுவரை சிறை, கூடவே 25,000 முதல் 1 லட்சம்வரை அபராதம். இதைச் சித்தப்பாவிடம் மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்லிப் பாருங்கள்.

அண்ணன் ஓட்டுப் போட்டது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிரைவேட் லிமிடெட்டுக்கு மத்திய அரசின் 2015 ஜூன் அறிவிப்பில் சலுகை இருக்கிறது; பார்ட்னர் என்பதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு அவர் கலந்துகொள்ளலாம். சொன்னாரா, அது மினிட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் அதே ஈமெயிலில் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் கை தூக்கித்தான் ஓட்டு. யார் யார் தூக்கினார்கள் என்று மினிட்ஸில் எழுதவேண்டுமா? - ஒரு செயலாளர், சென்னை.

பதில்: சொஸைட்டியாகப் பதிவான சங்கத்துக்குக் கம்பெனிச் சட்டம் பொருந்தாது, உங்கள் பைலாவைப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, நடுநிலை எத்தனை என்று எழுதினால் போதும். எதிர்த்தவர் தன் பெயரைப் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள்.