புது பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடுகிறதா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆறு வருஷ பெட்ரோல் கார். தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளி இரவு நிறுத்திவிட்டுத் திங்கள் காலை சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தம்தான், செல்ஃப் எடுப்பதில்லை. வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் உடனே கிளம்புகிறது. பேட்டரி மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது. மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?”

அவசரப்படாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதுதான் ஆல்டர்னேட்டர். அது ஏற்றவில்லை என்றால் தினமும் ஓட்டும்போதே வண்டி காலை வாரியிருக்கும், பெரும்பாலும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரிந்திருக்கும். நிறுத்தி வைத்தால் மட்டும் டவுன் ஆகிறதென்றால், சாவியை எடுத்த பிறகும் எதுவோ திருட்டுத்தனமாகக் கரண்ட் இழுக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சென்னை ரிச்சி தெருவில், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும், 12.2 என்றால் பாதி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று குறைத்து வைக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்). அப்படியே டெர்மினலையும் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினாலோ பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தாலோ முதலில் அதைச் சுத்தம் செய்து முறுக்குங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. பானெட்டைத் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலையில் வையுங்கள், இல்லையென்றால் பானெட் திறந்திருக்கிறது என்று வண்டி தூங்காமலே இருக்கும். எல்லாக் கதவையும் பூட்டிச் சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி அந்தக் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் கோத்துவிடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் அடங்க அவ்வளவு நேரமாகும். மீட்டர் கோத்திருக்கும்போது மட்டும் தப்பித்தவறிக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 காட்டினால்? வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரம், 18 ஆம்பியர்-அவர் காலி. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-அவர் என்றால் அதிலேயே பாதி போயிற்று.

எது இழுக்கிறது என்று பிடிக்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். நான் முதலில் சந்தேகப்படுவது வெளியில் போட்ட சாமான்களைத்தான்: டேஷ்கேம், ஆம்ப்ளிஃபையர், ஜிபிஎஸ். என் வண்டியிலேயே ஒரு கடையில் டேஷ்கேமை எப்போதும் உயிரோடு இருக்கும் லைனில் கொடுத்துவிட்டார்கள், இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். டிக்கி விளக்கையும் விடாதீர்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள், விளக்கு அணைகிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் இறங்கவில்லையா? அப்போது உங்கள் மெக்கானிக் பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதானால், பகலில் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இரவில் அதே வழியாகப் பேட்டரியைக் கசியவிடும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடிமனான ஒயரை எடுத்து நுனியில் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் அதுதான். அப்போதும் முழு ஆல்டர்னேட்டருக்குப் பணம் கட்டாமல், டயோடு பிளேட் மட்டும் மாற்ற முடியுமா என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.